அரக்காரரின் கட்டைவிரல்

அவருக்கு ஒரு பெயர் இருக்கத்தான் செய்தது. சம்பளத்தன்று மட்டும் ஆபீஸில் அதைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். கூப்பிட்டால் அவரே வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று பின்னால் திரும்பிப் பார்ப்பார். மற்ற நாளெல்லாம் அவர் அரக்காரர்தான்.

ஊரிலுள்ள பூங்காக்களையும் தெருவோர மரங்களையும் பராமரிக்கிற பணிமனை அது. நீளமான தகரக் கொட்டகை. ஒரு பக்கம் லாரிகள் நிற்கும். இன்னொரு பக்கம் வெட்டிக் கொண்டுவந்த கிளைகளை அரைத்துத் தூளாக்குகிற இயந்திரம் காது கிழியக் கத்திக்கொண்டிருக்கும். நடுவில் ஜன்னலோரமாக அரக்காரரின் மேஜை. மண்வெட்டி, கோடாலி, அரிவாள், செடி கத்தரி, கிளை அறுக்கிற கைரம்பம், எது மொக்கையானாலும் அங்கேதான் வந்து விழும். சாணைச் சக்கரத்தில் பிடித்தால் வேலை சீக்கிரம் முடியும்தான். ஆனால் பொறி பறக்கிற சூட்டில் இரும்பின் பதம் போய்விடும். விளிம்பு நீலமாகிப் போன கத்தியை அப்புறம் எத்தனை தீட்டினாலும் கூர் நிற்காது. அதனால் அங்கே எல்லாம் அரம்தான், கைதான். ரம்பப் பல்லுக்கு முக்கோண அரம், மண்வெட்டிக்குத் தட்டை அரம், வளைந்த அரிவாளுக்கு அரைவட்ட அரம். மேஜைக்குப் பின்னால் ஆணியடித்து வரிசையாக மாட்டியிருப்பார். யாராவது கை வைத்தால் தொலைந்தார்கள்.

"உங்க பொண்டாட்டியைத் தொட்டாக்கூட மன்னிச்சுடுவீங்க போல" என்று ஒருமுறை லாரி ஓட்டுனர் சொன்னார்.

"அவ திருப்பி அடிப்பா. இது அடிக்காது, பாவம்" என்றார் அரக்காரர்.

வருஷத்துக்கு ஒரு தடவை அரம் வாங்குவார்கள். கடைக்காரர் பெட்டிகளை எடுத்துக்கொண்டு வருவார். ஸ்டோர் பொறுப்பிலிருந்த அம்மாள், எல்லோருக்கும் ஸ்டோரம்மா, மேஜையைக் காலி செய்து பழைய போர்வையை விரித்து வைப்பாள். அன்றைக்கு மட்டும் மரம் ஏறுகிறவர்கள், புல் வெட்டுகிறவர்கள், லாரிக்காரர்கள் எல்லோரும் வேலையைப் போட்டுவிட்டு வந்து சுற்றி நின்றுவிடுவார்கள். அரக்காரர் கண்ணை மூடிக்கொண்டுதான் அரம் பொறுக்குவார்.

"கண்ணு இருக்கே, அது பளபளப்பைப் பாத்தா பல்லை இளிச்சுரும். வெரலுக்கு அந்தப் புத்தி கெடையாது" என்பார்.

நல்ல அரத்தின் பல் முழுக்க ஒரே பக்கமாகச் சாய்ந்திருக்கும். கைப்பிடிப் பக்கமிருந்து நுனிக்குக் கட்டைவிரலை ஓட்டினால் வழுக்க வேண்டும். நுனியிலிருந்து திரும்பி வரும்போது கடிக்க வேண்டும். சந்தையில் சில பேர், தேய்ந்துபோன அரங்களை ஆசிட்டில் ஊறப்போட்டு எடுத்துப் புதுசு என்று பெட்டியில் அடைத்துவிடுகிறார்கள். ஆசிட் பல்லைக் கூராக்கும். கூடவே எல்லாப் பக்கமும் தின்றுவிடும். அந்த அரம் போகும்போதும் கடிக்கும், வரும்போதும் கடிக்கும். இரும்பில் தேய்த்துப் பார்த்தால் தெரியாதா என்றால், தெரியாது. முதல் சில நாள் நல்ல அரத்தைவிட ஜோராகத் தேய்க்கும். பிறகு ஒரேயடியாக வழுக்கை விழுந்துவிடும். அதைக் கண்டுபிடிக்க விரல்நுனித் தோல் ஒன்றுதான் வழி.

முன்பொரு தடவை அரக்காரர் அப்படி ஒரு பெட்டி முழுவதையும் கண்ணைத் திறக்காமலே ஒதுக்கித் தள்ளினார். கொண்டுவந்தவன் கத்தோ கத்தென்று கத்தினான். அதே பெட்டியை வாங்கிய பக்கத்து மரப்பட்டறைக்காரர்கள் கொஞ்ச நாளில் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து அரக்காரரின் கட்டைவிரல் பணிமனையில் பெரிய ஆள். புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களிடம் லாரியைக் காட்டுவதற்கு முன்னால் அதைத்தான் காட்டுவார்கள். அவரும் முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு விரலை நீட்டுவார். உள்ளுக்குள் அவருக்கு அது பிடித்திருந்தது. அதில் தப்பு சொல்ல ஒன்றுமில்லை. வேறு எதற்காகவும் அவரை யாரும் மெச்சியதில்லை.

அந்த விரல் எப்போது செத்தது என்று அவருக்கே தெரியாது.

முதலில் பார்த்தது வீட்டுக்காரிதான். காலையில் அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கிய டீயை எவர்சில்வர் டம்ளரில் ஊற்றிக் கீழே வைத்தாள். அவர் அதைக் கட்டைவிரலாலும் இன்னொரு விரலாலும் பிடித்துத் தூக்கி, செய்தி சொல்கிறவர் போல ஆற அமரப் பேசிக்கொண்டிருந்தார். அவள் முந்தானையைச் சுற்றிப் பிடித்துக்கூட அந்த டம்ளரைத் தொட்டிருக்க மாட்டாள்.

"என்னங்க, சுடலையா?"

"எது?"

"டம்ளர்."

அவர் டம்ளரைப் பார்த்தார். பிறகு விரலைப் பார்த்தார். விரல் சிவந்து கிடந்தது.

மருத்துவமனைக்கு இழுத்துக்கொண்டு போனாள். டாக்டர் ஒரு குச்சியின் நுனியால் அங்கங்கே தொட்டு, "தெரியுதா, தெரியுதா" என்று கேட்டார். அரக்காரர் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கண்ணை மூடினால் எல்லாம் தெரிகிற மனுஷனுக்கு அன்றைக்கு ஒன்றும் தெரியவில்லை. டாக்டர் எப்போது தொட்டார், எப்போது எடுத்தார் என்பதுகூடத் தெரியாமல், ஒரு மாதிரி உத்தேசமாகத் தலையை ஆட்டினார். சர்க்கரை நரம்பைத் தின்றுவிட்டது என்றார் டாக்டர். மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

"போனது திரும்பி வருமா?"

"இருக்கறதைக் காப்பாத்திக்குங்க" என்றார் டாக்டர். அதுவே பதில்.

வெளியே வந்ததும் அவர் வீட்டுக்காரியிடம் சொன்ன முதல் பேச்சு: "உன் தம்பி காதுல இதைப் போட்டுறாதே."

அவள் தம்பியும் அதே பணிமனையில்தான் வேலை பார்த்தான். மரம் ஏறிக் கிளை கழிக்கிறவன். இடுப்பில் கயிறு, கையில் ரம்பம். அவன் மரத்து உயரத்தில் தொங்கிக்கொண்டு அறுக்கிற ரம்பத்துக்கு மாமாதான் பல்லைத் தீட்டிப் போட வேண்டும். வேறு ஒருத்தர் கை பட்டால் எடுத்துக்கொண்டு ஏற மாட்டான்.

அரம் வாங்குகிற நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

அரக்காரர் சும்மா இருக்கவில்லை. நடுவிரலை வைத்துப் பார்த்தார், அதுவும் மரக்கட்டை. சுண்டுவிரல், அதுவும் அப்படியே. இடதுகையும் வலதுகைக்குத் துணை போயிருந்தது. கடைசியில், மேஜைக்கடியில் எதையோ தேடுகிற மாதிரி குனிந்து ஒரு அரத்தைக் கீழுதட்டில் வைத்து இழுத்துப் பார்த்தார். உதட்டில் உணர்ச்சி இருந்தது. ஆனால் அதிகமாக இருந்தது. நல்ல அரம், கெட்ட அரம், போக, வர, உதட்டுக்கு எல்லாமே கடிதான். கீறல்தான் மிச்சம்.

மைத்துனன் அதைப் பார்த்துவிட்டான். "என்ன மாமா, அக்கா கடிச்சு வெச்சுட்டாளா? வயசான காலத்துல!"

"போடா வேலையைப் பாத்துக்கிட்டு."

அன்று சாயங்காலம் தன்னுடைய சொந்த அரங்கள் சிலவற்றை வீட்டு அலமாரிக்கு மேலிருந்து இறக்கினார். ஒன்று நல்லது. ஒன்று எப்போதோ ஏமாந்து வாங்கிய ஆசிட் குளித்தது. ஒன்று தேய்ந்தது. இரும்புப் படிக்கட்டு ஏறிப் போகிற மாடியில் ஒரு அறையும் ஒரு சமையலறையும்தான் வீடு. ஜன்னலோரம் வீட்டுக்காரி உட்கார்ந்து புடவையில் ஒட்டியிருந்த நூல்களை உருவிக்கொண்டிருந்தாள். ஆயத்த ஆடைக் கம்பெனியில் தைத்து முடித்த சட்டைகளில் பிசிறு வெட்டுகிற வேலை அவளுக்கு. வேலை முடிந்து வரும்போது பாதிக் கம்பெனி அவள் புடவையில் ஒட்டிக்கொண்டு வரும்.

"இந்தா, இதைத் தொட்டுப் பாரு. கைப்பிடியிலேர்ந்து நுனிக்கு. எப்படி இருக்கு?"

"சொரசொரன்னு இருக்கு."

"அரம்னா சொரசொரன்னுதான் இருக்கும். வெண்ணெய் மாதிரியா இருக்கும்? எப்படிச் சொரசொர?"

"எப்படின்னா? சொரசொர."

"இப்ப திருப்பு. நுனியிலேர்ந்து வா."

"ஸ்ஸ்... இப்ப நறநறங்குது. தோலைப் பிடிக்குது."

"அப்படிச் சொல்லு! மொதல்ல போனப்போ பிடிச்சுதா?"

"இல்ல. போறப்போ பூனையைத் தடவுற மாதிரி. வர்றப்போ அதே பூனையை எதிர்ப்பக்கமாத் தடவுற மாதிரி."

இத்தனை வருஷமாக அவர் விரலில் இருந்த ஒன்றுக்கு யாரோ சொல் கொடுத்த மாதிரி இருந்தது. அடுத்ததை நீட்டினார். அவள் ஓட்டிப் பார்த்தாள். திருப்பி ஓட்டினாள். முகத்தைச் சுளித்தாள்.

"இது போறப்பவும் பிடுங்குது, வர்றப்பவும் பிடுங்குது. உங்கம்மா மாதிரி."

"செத்துப்போனவளை ஏண்டி இழுக்கறே?"

"கேட்டீங்க, சொன்னேன்."

அவர் அவளைக் கண்ணை மூடச் சொல்லி அரங்களை மாற்றி மாற்றிக் கொடுத்தார். கலைத்துக் கொடுத்தார். ஒருமுறைகூடத் தப்பவில்லை. பூனை, மாமியார், மூன்றாவதற்கு "சவரம் பண்ணின கன்னம்" என்று பேர் வைத்திருந்தாள். அது தேய்ந்துபோனது. இரண்டு பேரும் சிரித்துக்கொண்டார்கள். டாக்டரைப் பார்த்து வந்ததிலிருந்து அந்த வீட்டில் சிரிப்பு அதுதான் முதல் தடவை.

"நான் வேணா வந்து தொட்டுச் சொல்லட்டுமா?" என்றாள்.

சிரிப்பு நின்றது. "எல்லாரும் நிக்கற எடத்துல, பொண்டாட்டியைக் கூட்டிட்டு வந்து வெரலை இரவல் வாங்கச் சொல்றியா?"

"ஏன், நான் சமைச்சதைத்தானே டப்பாவுல கட்டிட்டுப் போறீங்க. அது இரவல் இல்லையா?"

பதில் இல்லாதபோது எல்லா ஆண்களும் செய்கிறதை அவரும் செய்தார். எழுந்து போய்க் கால் கழுவினார்.

அந்த நாள் வந்தது. கடைக்காரர் இரண்டு பெட்டிகளோடு வந்தார். வழுக்கைத் தலையும் தொங்கு பையுமாக, எந்தக் காலத்திலும் குரல் உயர்த்தாத மனுஷர். வெகுகாலமாக அவர்தான் கொண்டுவருகிறார்.

"அண்ணே, இந்தத் தடவை ரெண்டு எடத்துலேர்ந்து சரக்கு வந்திருக்கு. பாக்கறதுக்கு ரெண்டும் ஒண்ணுதான். எது நல்லதுன்னு எனக்குத் தெரியலை, மறைக்காமச் சொல்லிட்டேன். நீங்க பாத்து எதைச் சொல்றீங்களோ அதை எறக்கறேன். இன்னொண்ணை வந்த எடத்துக்கே திருப்பி அனுப்பிடறேன்."

ஸ்டோரம்மா போர்வையை விரித்தாள். கூட்டம் கூடிவிட்டது. அரக்காரர் தலைவலி என்றார், இன்னொரு நாள் பார்க்கலாம் என்றார்.

"தலை வலிச்சா என்னண்ணே, வெரலா வலிக்குது?" என்றாள் ஸ்டோரம்மா. எல்லோரும் சிரித்தார்கள்.

கண்ணை மூடினார். இடதுபக்கப் பெட்டியிலிருந்து ஒரு அரத்தை எடுத்தார். கனம் தெரிந்தது. குளிர்ச்சிகூட உள்ளங்கையில் எங்கோ லேசாகத் தெரிந்தது. கட்டைவிரலை வைத்து ஓட்டினார். ஒன்றுமில்லை. யாருடைய விரலோ யாருடைய அரத்தின் மேலோ போகிற மாதிரி இருந்தது. திருப்பி ஓட்டினார். அப்போதும் ஒன்றுமில்லை. சத்தமாவது கேட்குமா என்று காதைக் கொடுத்தார். வெளியே கிளை அரைக்கிற இயந்திரம் கத்திக்கொண்டிருந்தது. வலதுபக்கப் பெட்டியிலிருந்து எடுத்து ஓட்டினார். பூனையுமில்லை, மாமியாருமில்லை.

மூடின கண்ணுக்குள் வேர்த்தது. இப்போது கண்ணைத் திறந்து "எனக்குத் தெரியலை" என்று சொல்லியிருக்கலாம். இரண்டே வார்த்தை, ஆனால் வாய் வரவில்லை. சுற்றி நின்ற அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"இது" என்றார். கை இடதுபக்கம் போயிருந்தது.

"அவ்வளவுதான்! முடிஞ்சுது!" என்று மைத்துனன் கை தட்டினான். கடைக்காரர் நிம்மதியாக வலதுபக்கப் பெட்டியை மூடினார்.

முதல் வாரம் அரங்கள் வெறி பிடித்த மாதிரி தேய்த்தன. அரக்காரருக்கு அப்போதே விஷயம் புரிந்துவிட்டது. எல்லோரும் "சரக்குன்னா இதுதான் சரக்கு" என்றார்கள். அடுத்த வாரம் முக்கோண அரங்கள் ரம்பப் பல்லின் மேல் சறுக்க ஆரம்பித்தன. அதற்கடுத்து தட்டை அரங்களும் விழுந்தன. மண்வெட்டி மேல் வைத்துத் தள்ளினால் கண்ணாடியில் சீப்பை இழுக்கிற மாதிரி சத்தம்தான் வந்தது, தூள் உதிரவில்லை. கத்தரிகள் செடியை வெட்டாமல் மென்றன. புல் வெட்டுகிறவர்கள் அரிவாளைக் கொண்டுவந்து மேஜையில் கடாசினார்கள்.

ஆனால் ஒருத்தர்கூட அவரைச் சொல்லவில்லை. அதுதான் கொடுமை.

"கடைக்காரன் மாத்திட்டான்" என்றாள் ஸ்டோரம்மா. "அண்ணன் பொறுக்கிக் குடுத்த பெட்டியைக் காட்டிட்டு, எறக்கும்போது வேற பெட்டியை எறக்கியிருக்கான்."

"மூஞ்சியைப் பாத்தா ஒண்ணுந் தெரியாத மாதிரி இருப்பான். அவனா!" என்றார் லாரி ஓட்டுனர்.

கடைக்காரரைக் கூப்பிட்டு வைத்து ஆளுக்கொரு பக்கம் பேசினார்கள். அவர் பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, "சத்தியமா அதே பெட்டிதான், சத்தியமா" என்று அதையே சொல்லிக்கொண்டு நின்றார். இனிமேல் இந்த வாசல்படி ஏறாதே என்று சொல்லிவிட்டார்கள்.

அரக்காரர் அப்போது எழுந்தார். தொண்டையைச் செருமினார்.

"அவரை விடுங்க. தப்பு என் மேல. என் வெரலுக்கு உணர்ச்சி இல்ல. கொஞ்ச நாளாவே இல்ல. உத்தேசமாத்தான் எடுத்தேன்."

எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு மைத்துனன்தான் முதலில் சிரித்தான்.

"மாமா, உங்களுக்கு எளகின மனசுன்னு தெரியும். அதுக்காக ஒரு திருட்டுப்பயலைக் காப்பாத்த இப்படியா?"

"டேய், நெஜமாச் சொல்றேன்."

"ஆமா, நெஜந்தான். எங்க ஓட்டுனருக்குக்கூடக் கண்ணு தெரியாது, உத்தேசமாத்தான் வண்டி ஓட்டறாரு!"

சிரிப்பு வெடித்தது. அரக்காரருக்குக் கோபம் தலைக்கேறியது. மேஜை மேலிருந்து, அன்று காலை பழைய நல்ல அரம் ஒன்றின் மிச்சத்தை வைத்து எப்படியோ கூராக்கியிருந்த ஒரு அரிவாளை எடுத்தார். எல்லோருக்கும் தெரிகிற மாதிரி கட்டைவிரலை அதன் விளிம்பில் வைத்து அழுத்தி இழுத்தார். ரத்தம் பொத்துக்கொண்டு வந்து மேஜையில் சொட்டியது. அவர் முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை.

"பாருங்கடா. வலிக்கலை. ஒண்ணுமே தெரியலை. இப்பவாவது நம்புங்க."

புல் வெட்டுகிற ஆள் ஒருவர் மெதுவாகச் சொன்னார்: "அசைஞ்சாரா பாரு. யப்பா! மனுஷனா இது?"

"இரும்புய்யா, இரும்பு" என்றார் ஓட்டுனர், பக்தியோடு.

அதோடு முடிந்தது. காட்டின சாட்சி அவருக்கே எதிராகத் திரும்பிவிட்டது. அன்று சாயங்காலத்துக்குள் பணிமனை முழுக்க, கடைக்காரருக்காக அரக்காரர் விரலையே வெட்டிக்கொண்டார் என்று கதை பரவிவிட்டது. கடைக்காரர் வாசலில் காத்திருந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"நீங்க ஒருத்தராவது எனக்காகப் பேசுனீங்களே அண்ணே. உசிர் உள்ளவரைக்கும் மறக்க மாட்டேன்."

"யோவ், உனக்காகப் பேசலைய்யா. நெஜமாவே நான்தான்யா."

"பெரிய மனசு அண்ணே உங்களுக்கு" என்று சொல்லிவிட்டுப் பையை மாட்டிக்கொண்டு அவர் போய்விட்டார். அரக்காரர் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஓடிப்போய்ப் பிடித்து உலுக்கினாலும் அந்த மனுஷர் நம்பப் போவதில்லை.

வீட்டுக்காரி தம்பியை வீட்டுக்கு வரவழைத்து உட்கார வைத்துச் சொன்னாள். டாக்டர் சொன்னதைச் சொன்னாள், டம்ளரைச் சொன்னாள், அவளே கண்ணை மூடி அரம் பார்த்ததையும் சொன்னாள்.

"அக்கா, உனக்குச் சட்டையில நூல் வெட்டத் தெரியும். மாமா கை விஷயம் உனக்கு என்னக்கா தெரியும்? அவரு கொஞ்சம் மனசு ஒடிஞ்சு போயிருக்காரு, அவ்வளவுதான். வயித்துக்கு நல்லாப் போடு, சரியாயிரும்."

"உன் ரம்பத்தை நீயே தொட்டுப் பாருடா. பல்லு இருக்கான்னு உனக்கே தெரியும்."

அவன் தன் உள்ளங்கையை விரித்துக் காட்டினான். கயிறு பிடித்துப் பிடித்துக் காய்த்துப்போய், செருப்பின் அடிப்பக்கம் மாதிரி இருந்தது. "இந்தக் கையா? இதுக்குக் கயிறும் கம்பும் ஒண்ணுதான். அதுக்குத்தானே மாமா இருக்காரு."

மறுநாள் அவனுக்குப் பெரிய தெருவில் வேலை. மின்கம்பிக்கு மேலே சாய்ந்திருந்த ஒரு தடித்த கிளை. அரக்காரர் அவன் ரம்பத்தைக் கிடுக்கியில் மாட்டிக்கொண்டு, வழுக்கை அரங்களிலேயே கொஞ்சம் தேவலாம் என்று கண்ணுக்குப் பட்ட ஒன்றை எடுத்து ஒவ்வொரு பல்லாகப் போட்டார். முன்னெல்லாம் பல் முனை கூராகும்போது விளிம்பில் ஒரு மெல்லிய பிசிறு எழும்பும். விரலை வைத்தால் அது தட்டும். தட்டினால் போதும் என்று அடுத்த பல்லுக்குப் போவார். இப்போது எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை. கட்டுப் போட்ட விரலோடு, உத்தேசமாகத் தள்ளி, உத்தேசமாக நிறுத்தினார்.

"இன்னிக்கு ஏறாதே" என்றார்.

"கம்பிக்கு மேல கெடக்கு மாமா. விட்டா யார் தலையிலயாவது விழும்."

ஒரு நாளும் இல்லாத திருநாளாக அரக்காரர் லாரியில் ஏறி உட்கார்ந்தார். ஏன் என்று கேட்டதற்குக் காற்று வாங்க என்றார். தெருவில் இறங்கி மரத்தடியில் நின்றார். அவன் கயிற்றைப் போட்டுக்கொண்டு அணில் மாதிரி ஏறிப் போனான். மேலே ரம்பம் இழுபட ஆரம்பித்தது.

காது அவருக்கு இன்னும் சாகவில்லை. நல்ல ரம்பம் மரத்தைத் தின்னும்போது 'சர்க், சர்க்' என்று ஒரே சீராகச் சொல்லும். இது அப்படிச் சொல்லவில்லை. 'கிரீச்' என்று இழுத்து, நடுவில் சிக்கி, மறுபடி பிடுங்கிக்கொண்டு வந்தது. ஒவ்வொரு பிடுங்கலுக்கும் மேலே கயிறு ஆடியது. அவன் உடம்பு மொத்தமும் தள்ளுகிறான் என்று கீழே நின்ற அவருக்குத் தெரிந்தது. தள்ளுகிற கை சறுக்கினால் ரம்பம் எங்கே போகும் என்பதும் தெரிந்தது. தொடையா, கயிறா, இரண்டில் ஒன்று.

"எறங்குடா! ரம்பம் சரியில்ல! எறங்கு!"

பின்னால் பஸ் ஹாரன் அடித்தது. அவன் இலைகளுக்கு நடுவே குனிந்து பார்த்துக் கையை ஆட்டினான். மாமா தன்னை வேடிக்கை பார்க்க வந்திருக்கிற சந்தோஷம் அவனுக்கு. மறுபடி இழுத்தான். கிரீச். அரக்காரர் மரத்தில் கையை வைத்துக்கொண்டார். ஏறுகிற வயதில்லை, ஏறத் தெரியாது. கீழே நின்று அந்தச் சத்தத்தைக் கேட்பதைத் தவிர அவர் செய்வதற்கு ஒன்றும் இல்லை. கேட்டுக்கொண்டே நின்றார். ஒவ்வொரு இழுப்புக்கும் அவர் பல் கிட்டிக்கொண்டது.

கிளை கடைசியில் முறிந்து, கட்டியிருந்த கயிற்றில் தொங்கி, மெதுவாக இறங்கியது. அவனும் இறங்கினான். சட்டை பிழிகிற மாதிரி நனைந்திருந்தது. வழக்கமாக ஒரு பீடி பிடிக்கிற நேரத்தில் முடிகிற வேலை, லாரி ஓட்டுனர் ஒரு தூக்கம் போட்டு எழுகிறவரைக்கும் இழுத்திருந்தது. பேண்ட்டில் முழங்காலுக்கு மேலே ஒரு நீளக் கிழிசல். உள்ளே தோல் சிவந்திருந்தது, அவ்வளவுதான்.

"இது என்னடா?"

"லேசா வழுக்கிச்சு மாமா. மரம் ரொம்பக் கெட்டி, அதான். உங்க கை பட்ட ரம்பம், அதனாலதான் இந்த அளவுக்காவது அறுத்துச்சு. வேற ஒருத்தன் போட்டிருந்தா நான் அங்கேயே தொங்கியிருக்கணும்." அவன் ரம்பத்தை அவரிடம் நீட்டினான். "நாளைக்கும் இதே மாதிரிப் போட்டுக் குடுங்க."

அவர் வாங்கிக்கொண்டார். வேறென்ன செய்வது.

பணிமனைக்குத் திரும்பியதும் ஸ்டோரம்மா சொன்னாள்: "புதுக் கடையிலேர்ந்து நாளைக்குப் பெட்டி வருதுண்ணே. காலையிலயே வந்துருங்க."

"அம்மா, ஒண்ணு கேக்கறேன். ரெண்டு அரத்தை வீட்டுக்கு எடுத்துட்டுப் போய்ப் பாத்துட்டு வர்றேனே. என் வீட்டுக்காரி..."

"ஸ்டோர் சாமான் கேட்டைத் தாண்டக் கூடாதுன்னு எங்களுக்கே சொல்லிக் குடுத்தவரு நீங்க."

"அப்ப அவளையாவது உள்ள விடுங்க."

ஸ்டோரம்மா வாய்விட்டுச் சிரித்தாள். "அண்ணி எதுக்குண்ணே? திருஷ்டி சுத்திப் போடவா?"

சாயங்காலம் வீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்தார். வீட்டுக்காரி வெந்நீரும் பழைய துணியும் எடுத்துவந்து, விரலின் ஊறிப்போன கட்டைப் பிரித்தாள். அவர் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரம்பம் மேலே சிக்கிச் சிக்கி வந்ததையும், கிழிந்த பேண்ட்டையும், நாளைக்குப் போர்வையைச் சுற்றி நிற்கப்போகிற முகங்களையும் யோசித்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு என்னதான் பண்ணப் போறீங்க?" என்றாள்.

"கண்ணை மூடிக்குவேன்."

தெருவில் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிய ஆரம்பித்தன.

"எவ்வளவு நேரம் வெரலைத் தொறந்தே வெச்சிருப்பே? காத்து படுது, சீக்கிரம் கட்டு" என்றார், தெருவிலிருந்து முகத்தைத் திருப்பாமலே.

"கட்டி முடிச்சு அப்பவே எந்திரிச்சுட்டேங்க" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது.